தீட்டு வேறு, தொற்று வேறு

மருத்துவமனையில் நோய்த்தொற்றைத் தடுப்பது பற்றிப் பேச்செடுத்தால், அது டாக்டர்களும் நர்சுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி என்று தோழர்கள் பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் இதற்கு என்ன வேலை என்ற கேள்வியும் எழும். நான் மருத்துவமனைத் தொழிலாளர்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். வார்டுகளில் உட்கார்ந்தும் நின்றும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நம் மருத்துவமனைகளில் நோயாளியின் உயிருக்கு ஆபத்தாக இருப்பவற்றில் சாதியும் ஒன்று. சோப்பும் கிருமிநாசினியும் வாங்கி வைப்பதால் மட்டும் அந்த ஆபத்து தீராது.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில், பணக்கார நாடுகளில் 7 பேரும், ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 பேரும் அங்கே தங்கியிருக்கும் காலத்தில் குறைந்தது ஒரு புதிய தொற்றுக்கு ஆளாகிறார்கள். அப்படி ஆளாகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். கால் எலும்பு முறிந்து போனவர் நிமோனியாவில் சாகிறார். பிரசவத்துக்குப் போனவருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கிறது. கைகளைச் சுத்தமாக வைத்திருப்பது உள்ளிட்ட, அதிகம் செலவு பிடிக்காத நடைமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றினால் இந்தத் தொற்றுகளில் 70 சதவீதத்தைத் தடுக்க முடியும் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்தத் தொற்று பெரும்பாலும் நான்கு வாசல்கள் வழியே உடலுக்குள் நுழைகிறது. சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாயில் செருகிய ஊசி (வார்டில் எல்லோரும் 'வென்ஃப்ளான்' என்பார்கள்), செயற்கைச் சுவாசக் குழாய், அறுவைச் சிகிச்சைக் காயம். இந்த நான்கையும் இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவர் செவிலியர். அவற்றைச் சுற்றியுள்ள கட்டில், தரை, கழிவறை, குப்பைக் கூடை ஆகியவற்றைச் சுத்தமாக வைப்பவர் தூய்மைப் பணியாளர். மருந்துக்குக் கட்டுப்படாத அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த கட்டில் கம்பியில்கூடப் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே அந்தக் கம்பியைத் துடைக்கும் கையும் நோயாளியின் உயிரைக் காக்கும் கைதான். ஆனால் மருத்துவமனை அந்தக் கையை அப்படி நடத்துவதில்லை.

வியன்னாவில் யார் கை அழுக்கு?

தொற்றுக் கட்டுப்பாட்டின் வரலாறே படிநிலையோடு மோதித்தான் தொடங்குகிறது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். முதல் பிரிவில்தான் பெண்கள் காய்ச்சல் கண்டு அதிகமாகச் செத்தார்கள். ஊருக்கே இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள்.

அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வெய்ஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். மருத்துவர்களும் மாணவர்களும் பிணவறையில் சடலங்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அவர் விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது.

இதற்காக அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். மாறாக, மருத்துவர்களில் பலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். படித்த, உயர்குடிப் பிறந்த தங்கள் கை சாவைக் கொண்டுவந்தது என்பதையும், தங்களைவிடக் கீழே வைக்கப்பட்ட மருத்துவச்சிகளின் கையில் அந்த ஆபத்து குறைவு என்பதையும் அவர்களால் ஏற்க முடியவில்லை. செம்மல்வெய்ஸ் வியன்னாவில் வேலையை இழந்தார். 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்தார். கண்ணெதிரே எண்கள் இருந்தும், 'என் கை எப்படி அழுக்காகும்?' என்ற திமிர் வென்றது. இந்தத் திமிரை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் இல்லையா?

தீட்டின் இலக்கணம்

தீட்டையும் தொற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீட்டு பிறப்போடு ஒட்டிக்கொண்டது. அது கீழே இருப்பவரிடமிருந்து மேலே இருப்பவருக்கு மட்டுமே பரவும். மேலே இருப்பவர் தொட்டால் அது 'அருள்'. மேல்சாதிக்காரருக்குத் தீட்டுப் பட்டால் ஒரு முழுக்குப் போட்டுக் கழித்துவிடலாம். தீட்டானவர் என்று முத்திரை குத்தப்பட்டவரோ ஆயுள் முழுக்கக் குளித்தாலும் அது போகாது.

தொற்று அப்படியல்ல. அது எந்தத் திசையிலும் போகும். தலைமை மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பிலிருந்து நோயாளிக்கும், அமைச்சர் பார்வையிட வரும்போது அவர் குலுக்கிய கையிலிருந்து பச்சிளம் குழந்தைக்கும் போகும். அதைப் போக்கும் வழியும் எல்லோருக்கும் ஒன்றே. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. ஸ்டெரிலியம் போன்ற கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி. கழுவிய கை சுத்தமானது, கழுவாத கை அழுக்கானது. அது யாருடைய கை என்று கிருமி விசாரிப்பதில்லை.

1980களில் எச்.ஐ.வி. பரவியபோது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு கொள்கையை முன்வைத்தது. யாருக்குத் தொற்று இருக்கும் என்று ஆளைப் பார்த்து ஊகிக்காதே. எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி, எல்லோரிடமும் ஒரே பாதுகாப்போடு நடந்துகொள். இன்று உலகெங்கும் தொற்றுக் கட்டுப்பாட்டின் அடித்தளம் இதுதான். என்னைக் கேட்டால், மருத்துவ அறிவியல் எழுதிய சமத்துவ விதிகளில் இது முக்கியமானது.

நம் வார்டுகளில் ஓடுவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான தீட்டு விதி. எச்.ஐ.வி. உள்ளவரின் கட்டில் மூலைக்குத் தள்ளப்படுகிறது. எல்லோரும் பார்க்கும்படி அவருடைய கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதப்படுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்து 2017இல் சட்டம் வந்த பிறகும் இந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதே வார்டில், 'ஒன்றும் இல்லாத' நோயாளிகள் பத்துப் பேரை வரிசையாகக் கையுறையும் இல்லாமல் கைகழுவலும் இல்லாமல் தொட்டுக்கொண்டே போகிறார்கள். ஒதுக்கி வைத்ததாலேயே பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்புகிறார்கள். தீட்டு தரும் இந்தப் பொய்யான நிம்மதிதான் நோயாளிக்கு எமனாகிறது.

சேவையும் சாதியும்

நம் சமூகத்தில் செவிலியர் பணியைத் தொடக்கத்திலிருந்தே தீட்டு துரத்தியிருக்கிறது. பிரசவம் தீட்டு என்பதால், தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாவிதர் சமூகத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். உயிரைக் கையில் ஏந்தி வெளியே எடுத்தவருக்கு அந்த வீட்டுக்குள் உட்கார இடம் இல்லை. நவீன மருத்துவமனைகள் வந்த பிறகும், மலம், மூத்திரம், ரத்தம் தொடும் வேலை என்று சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை நீண்டகாலம் செவிலியர் பணிக்கு அனுப்ப மறுத்தன. கிறித்தவப் பெண்கள்தான் பெருமளவில் முன்வந்தார்கள். 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை கொடுத்த கணக்கு இது: 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். மருத்துவரைவிடச் செவிலியர் அதிகம் தேவைப்படும் ஒரு துறையில் கணக்கு தலைகீழாக இருந்தது. வறுமையும் காலனி ஆட்சியின் அலட்சியமும் காரணங்கள்தாம். தொடுவதை இழிவாகக் கருதிய சமூகமும் ஒரு காரணம்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்களும் நம் மரபில் இருக்கிறார்கள். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் இறங்கினார். நோயுற்ற தலித் சிறுவன் ஒருவனைத் தன் முதுகில் சுமந்து வந்தார். அவரையும் பிளேக் தொற்றியது. அந்த மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அவரைக் கல்வியாளராக ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். தொடுவதற்கு அஞ்சாத செவிலியாகவும் நினைவுகூர வேண்டும். கூடவே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பராமரிக்கிறவர் சாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அன்று இல்லை, இன்று உண்டு. அதைச் செய்துகொடுக்காமல் 'தியாகம்' என்று மாலை போடுவது ஏமாற்று வேலை. 2018இல் கேரளத்தில் நிப்பா வைரஸ் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான் பரவியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அதில் உயிரிழந்தார். செவிலியருக்குப் பாதுகாப்பு இல்லாத வார்டில் நோயாளிக்கும் பாதுகாப்பு இல்லை.

ஓர் இரவின் கணக்கு

கை கழுவாததற்குச் செவிலியரின் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பயிற்சி வகுப்புகளில் பேசுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நோயாளியைத் தொடும் முன், ஊசி அல்லது குழாய் போன்ற வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். இரவுப் பணியில் ஒரு செவிலியர் 40 நோயாளிகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஆய்வுக்காகப் போன வார்டுகளில் இது அபூர்வமான எண் அல்ல. ஒரு நோயாளிக்கு இரவு முழுக்க நான்கே முறை கை சுத்தம் செய்தாலும் 160 முறை. ஒவ்வொன்றும் 30 வினாடி என்றால் 80 நிமிடம். சோப்பும் தண்ணீரும் என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அந்த வார்டில் கைகழுவும் தொட்டி ஒன்றுதான். அது கடைக்கோடியில் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். இதற்கிடையில் மருந்து, ஊசி, டிரிப், பதிவேடு, புது அட்மிஷன், திடீரென்று மூச்சுத் திணறும் ஒருவர்.

இந்திய செவிலியர் குழுமத்தின் நெறிப்படி, போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். காகிதத்துக்கும் வார்டுக்கும் உள்ள இடைவெளியை நோயாளியின் உறவினர்கள் நிரப்புகிறார்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது எல்லாம் அட்டெண்டரான அக்காவோ மகளோதான். அவர்களுக்கு யாரும் கை கழுவச் சொல்லித் தந்ததில்லை. அந்த வேலைக்கு அனேகமாகப் பெண்களே வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆள் பற்றாக்குறை உயிரைக் குடிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. கலிபோர்னியாவில் செவிலியர் சங்கம் போராடி, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று 1999இல் சட்டமே இயற்ற வைத்தது. அந்த விகிதங்கள் 2004இல் நடைமுறைக்கு வந்தன.

நம் மாநிலத்தில் என்ன நடந்தது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015இல் பணியில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை செய்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களைக் கைதட்டிப் பாராட்டினோம். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், இன்று மேலதிகாரியின் தவறைச் சுட்டிக்காட்டுவாரா?

'சார், கை…'

இங்கேதான் படிநிலை நேரடியாக நோயாளியின் உடலுக்குள் நுழைகிறது. ஆய்வுக்காகப் போன ஒரு மருத்துவமனையில் (ஆய்வு நெறிப்படி பெயரைச் சொல்வதற்கில்லை) காலை ரவுண்ட்ஸைத் தொடர்ந்து கவனித்தேன். பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாகப் போவார். பின்னாலேயே செவிலியர் கைத்தேய்ப்புத் திரவப் புட்டியை ஏந்திக்கொண்டு போவார். டாக்டர் கை நீட்டினால் ஊற்றலாம். நீட்டாவிட்டால்? 'சார், கை…' என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்ட ஒரே ஒரு செவிலியரைத்தான் பார்த்தேன். அன்று மதியம் அவருக்குக் கிடைத்த வசவு, வேறு ஏதோ பதிவேட்டைச் சாக்கிட்டு வந்தது. "இனிமே வாயத் தொறக்க மாட்டேங்க" என்றார் என்னிடம்.

அந்த வாயைத் திறக்க வைத்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் புரோனோவோஸ்ட், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகுவதற்கு ஐந்து அம்சப் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். கை கழுவு, உடல் முழுக்க மறைக்கும் பாதுகாப்பு உடையும் விரிப்பும் பயன்படுத்து, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய், முடிந்தவரை தொடை வழியைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு. இதில் புதிய அறிவியல் ஒன்றும் இல்லை. எல்லா மருத்துவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள்தாம். புதிதாக வந்தது ஓர் அதிகாரம். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரநிலை தவிர மற்ற நேரங்களில், செவிலியர் வேலையை நிறுத்தச் சொல்லலாம். நிர்வாகம் செவிலியரின் பக்கம் நிற்கும். நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை நடைமுறைப்படுத்தினார்கள். குழாய்வழி ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல முடிவது சுயமரியாதை. அதே செயல் தொற்றுத் தடுப்பாகவும் இருக்கிறது.

ஒரு ஜோடி கையுறை

படிநிலையில் இன்னும் கீழே இறங்குவோம். அரசு மருத்துவமனைகளின் தூய்மைப் பணி இன்று பெருமளவில் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டிருக்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதிப் பெண்கள். ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் துடைப்பம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் எழுதப்படாத நூறு சதவீத ஒதுக்கீடு கச்சிதமாக நடக்கிறது. சாதியை வேலைப் பங்கீடு என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அம்பேத்கர் 1936லேயே பதில் சொல்லிவிட்டார்: இங்கே கூறுபோடப்படுவது மனிதர்கள். நிரந்தர வேலையாக இருந்தவரை, அடுத்த தலைமுறையாவது படித்து மேலே வர அதில் ஒரு பிடிமானம் இருந்தது. ஒப்பந்தம் அதையும் பிடுங்கிக்கொண்டு, இழிவை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவை உருவாகும் இடத்திலேயே பிரிக்கச் சொல்கின்றன. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். பிரிக்க வேண்டியவர் அதைப் பயன்படுத்தியவர். நடைமுறையில் அவசரத்தில் ஊசி எந்தப் பையில் விழுந்தாலும், அதைத் தூக்கிக்கொண்டு போகிறவரின் தொடையில்தான் குத்துகிறது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள்காமாலை பி வர 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது அதே விதிகளின்படி மருத்துவமனையின் கடமை. அந்த ஊசி மூன்று தவணை. முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஆறு மாதம். இடையில் ஒப்பந்தம் மாறும், ஆள் மாறுவார், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான் பேசிய பெண்களில் ஒருவர், ஊசி குத்தியதைச் சூப்பர்வைசரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அன்றைய கூலி போகும் என்ற பயம். ஷிப்டுக்கு ஒரு ஜோடி கையுறை என்பதால், அதையே கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கழிவறையில் போட்ட கையுறையோடு கட்டிலைத் துடைத்தால் என்ன பரவும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அதை விளக்கியவரே அவர்தான். அந்த மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் கூட்டத்துக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஏணியில் நாம் எங்கே?

நியாயமான ஒரு கேள்வி வரும். செவிலியர்களில் பலரும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தூய்மைப் பணியாளரை மரியாதையாக நடத்துகிறார்களா? பல வேளைகளில் இல்லை. டாக்டரிடம் வாங்கிய வசவை 'ஏய், இங்க வா' என்று கீழே இறக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளருக்குத் தனி டம்ளர் வைத்த ஓய்வறையையும் பார்த்திருக்கிறேன். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மிதிப்பதற்கு ஒரு படி கொடுத்துவிட்டால், ஏணியை யாரும் உடைக்க மாட்டார்கள். ஊசி குத்தியதைச் சொல்ல முடியாத பெண்ணும், 'சார், கை…' என்பதை முடிக்க முடியாத செவிலியரும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இரண்டு பேரும் தனித்தனியே போராடுவது நிர்வாகத்துக்கு வசதி.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. கிருமி அறிவியல், அதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். நாங்கள் இழுக்கவில்லை. கையுறை யாருக்கு எண்ணிக் கொடுக்கப்படுகிறது, கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இல்லை, எந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் தீர்மானமானவை அல்ல.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். தூய்மைப் பணியிலும் செவிலியர் பணியிலும் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும்; இடஒதுக்கீட்டோடு நிரந்தர நியமனம் வேண்டும். ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பதை மீறினால் தண்டனை உள்ள சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் தண்ணீர் வரும் தொட்டியும், கட்டிலருகே கைத்தேய்ப்புத் திரவமும் இருக்க வேண்டும். தடுப்பூசித் தவணை ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் இல்லாமல் மருத்துவமனையின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஊசி குத்தியதைச் சொன்னால் கூலி பிடிக்காமல், சம்பளத்தோடு சிகிச்சை தர வேண்டும். தொற்றுத் தடுப்புக் குழுவில் தூய்மைப் பணியாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உட்கார வேண்டும். விதி மீறினால் யாரையும், எவ்வளவு பெரியவரையும், நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் வேண்டும்.

இவற்றைச் சங்கங்கள் மட்டும் கேட்டால் 'ஊதியப் பிரச்சினை' என்று ஓரங்கட்டுவார்கள். நோயாளிகளும் சேர்ந்து கேட்டால் உயிர்ப் பிரச்சினையாகும். தோழர்களே, செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் அடுத்து பந்தல் போடும்போது, ஆதரவு தெரிவிக்கும் வெளியாளாக அங்கே போக வேண்டாம். நாளை அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவராகப் போங்கள். அதுவரை, வார்டில் உங்கள் வீட்டாரைத் தொட வரும் எந்த மருத்துவரிடமும் "சார், கை கழுவிட்டீங்களா?" என்று பணிவாக, ஆனால் முழுசாகக் கேளுங்கள். நாம் கேட்கத் தொடங்கினால், அந்தச் செவிலியரும் ஒருநாள் தன் வாக்கியத்தை முடிப்பார்.